பள்ளிக்கூடத் தோட்டம்: முதல் வருஷம் போன 22,600 ரூபாயும், அடுத்த வருஷம் விளைந்த கீரையும்

பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. முந்தின வருஷம் ஜூன் மாதம் அங்கே காய்கறித் தோட்டம் போட்டோம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று உயிரோடு நின்றது இரண்டு கத்தரிச் செடியும் ஒரு பப்பாளியும்தான். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் பேர் எழுதின பையில் காய்ந்த தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "செத்தே போச்சுங்களா சார்?" என்று கேட்டாள். அன்றைக்கு வாயில் வார்த்தை வரவில்லை. செடிப் பை 80க்கு 3,200, தென்னை நார்க்கழிவுக் கட்டி 20க்கு 3,200, செம்மண் ஒரு லோடு 2,800, குப்பை ஒரு லோடு 3,000, நிழல்வலையும் குழாயும் 6,400, நாற்றும் விதையும் 1,500, கருவிகள் 1,700, திறப்பு நாள் பேனரும் இனிப்பும் 800. மொத்தம் 22,600 ரூபாய், நாலு மாதம். பண்ணையம் தெரிந்தவர்கள் கூட இருந்தும் இப்படி ஆனது. தோட்டத்துக்குப் பண்ணையம் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத் தோட்டத்துக்குப் பள்ளிக்கூடமும் தெரிந்திருக்க வேண்டும். இதை முன்னாடியே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் தொடங்கி ஆவணி வரைக்கும் இந்தப் பக்கம் ஓயாது. பல்லடம், உடுமலை பக்கமெல்லாம் காற்றாலை நிற்பதே இதை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்தக் காற்றில் சிமெண்ட் தரைமேல் 80 பையை வரிசையாக வைத்தோம். சுற்றிலும் காற்று பட்டால் பை நாலு பக்கமும் காயும், அடியில் சிமெண்ட் சூடு வேறு. வெயில் நாளில் பைக்கு ஒன்றரை லிட்டர் என்றாலும் தினம் 120 லிட்டர் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊற்றினால் அடுத்த தண்ணி திங்கள் காலையில். நிலத்துப் பாத்தி இரண்டு நாள் தாங்கும், பை தாங்காது. மண்தரை ஒரு துண்டு இருந்தாலும் பையை நினைக்கவே வேண்டாம். மண்ணே இல்லாத பள்ளி என்றால் பத்துப் பைக்கு மேல் வைக்காதீர்கள். அதையும் கிழக்குச் சுவர் ஓரமாக, ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது உப்பு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்த நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து நேராகப் பையில் நிரப்பினோம். கழுவாத நார்க்கழிவில் உப்பும் துவர்ப்பும் தேங்கியிருக்கும். பெரிய தொட்டியில் ஊறப்போட்டு, சாயத்தண்ணி மாதிரி இறங்குவதை வடித்துவிட்டு, புதுத்தண்ணியில் இன்னும் இரண்டு தரம் அலச வேண்டும். நாங்கள் அலசவில்லை. அதற்கு மேல் போர்த் தண்ணி. எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணி பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிய வைக்கும் தண்ணி. மூணாவது வாரம் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. நோய் என்று நினைத்து மருந்து தேடியதில் பத்து நாள் வீண். நுனியும் ஓரமும் மட்டும் காய்ந்து, நடு இலை பச்சையாக இருந்தால் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது பிள்ளைகள் கை கழுவும் தண்ணியைத்தான் பாத்திக்கு விடுகிறோம். அது குழாயில் வரும் ஆத்துத் தண்ணி. நூறு பிள்ளை அரை லிட்டர் வீதம் கழுவினால் தினம் 50 லிட்டர். மூணடி அகலம் பத்தடி நீளம் உள்ள ஒரு பாத்திக்கு 12 லிட்டர் போதும், ஆக நாலு பாத்தி பிழைத்துக்கொள்ளும். சோப்புப் போடும் குழாயின் தண்ணியை மட்டும் பிரித்து வாழைக்கோ தென்னைக்கோ விட்டுவிடுங்கள். தட்டுக் கழுவும் தண்ணியில் சோற்றுப் பருக்கை இருக்கும், எலி வரும். வாய்க்கால் முகப்பில் ஒரு வலைத்துண்டு கட்டி, தினம் எடுத்துக் கொட்ட வேண்டும்.

குப்பை விஷயத்தில் ஏமாந்தது இன்னொரு வருத்தம். கட்டுத்தரையிலிருந்து வாரி ஆறு மாதம்கூட ஆகாத சாணியை மக்கினது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பிடித்துப் பார்த்தால் வெதுவெதுப்பு இருந்தது, அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்தச் சூட்டில் நாற்று வாடியது. போதாததற்கு உள்ளே வெள்ளையாக, வளைந்து சுருண்ட வண்டுப்புழுக்கள். இருந்த வேரையும் அவை தின்றன. ஒரு வருஷம் மக்கின குப்பை கறுப்பாக, உதிரியாக, நாத்தமில்லாமல் மழை மண் வாசத்தோடு இருக்கும். லோடு வேண்டியதே இல்லை. பாத்திக்கு 30 கிலோ, அதாவது சதுர அடிக்கு ஒரு கிலோ. சலித்துப் போடுங்கள். சலிக்கும் வேலைக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள், கிடைக்கிற புழு கோழிக்கு.

இத்தனையையும் தாண்டி நின்ற செடிகளைக் கொன்றது பயிர்த் தேர்வு. தக்காளி, கத்தரி, காலிஃப்ளவர் என்று பார்வைக்கு அழகானதாக வைத்தோம். இந்தச் சூட்டில் காலிஃப்ளவர் இலையை மட்டும் விட்டது, பூவே கட்டவில்லை. தக்காளி பழுக்கத் தொடங்கியபோது மயில் வந்தது. எங்கள் பக்கத்தில் மயிலை அறியாத காடு கிடையாது. அது 1972ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பறவை. விரட்டலாம், அதற்கு மேல் எதுவும் கூடாது. மீன்வலையைத் தளர்வாகப் போர்த்தாதீர்கள், காலும் கழுத்தும் சிக்கும். நாலு பக்கமும் கம்பு நட்டு, இறுக்கமாக இழுத்துக் கட்டின வலைதான் சரி. ஆடு நுழையாமல் இருக்க, கிளுவை மரத்தின் கிளையை வெட்டி மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டால் செலவில்லாத வேலி. நம் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலியைப் பார்த்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். மயிலுக்குத் தப்பின பழம் சிவக்கும் வாரத்தில் காலாண்டுத் தேர்வு, அதோடு விடுமுறை. தண்ணி ஊற்ற ஆளில்லை. கதை முடிந்தது.

இதற்கப்புறம்தான் புத்தி வந்தது. பிள்ளைகள் சாப்பிடப் போகும் நாளை முதலில் நாள்காட்டியில் வட்டமிட வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்க வேண்டும். பருவத் தேர்வு, விடுமுறை, தீபாவளி, பொங்கல், ஏப்ரல் என்று எல்லாவற்றையும் குறித்துவிட்டுப் பார்த்தால், முழுசாக 30 நாளாவது பள்ளி நடக்கும் இடைவெளிகள் நாலைந்து தேறும். அந்த இடைவெளிக்குள் முடிகிற பயிர் கீரை. சிறுகீரை 25 நாள், வெந்தயக்கீரையும் அதே அளவு, தண்டுக்கீரை 35 முதல் 40 நாள், முள்ளங்கி 45. அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். காற்று தணிகிற புரட்டாசியில்தான் கீரையைத் தொடங்க வேண்டும். அடுத்த வருஷம் காலாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் வியாழக்கிழமை விதைத்தோம்.

ஏன் வியாழக்கிழமை என்றால், சிறுகீரை நாலாம் நாள் முளைக்கும். வியாழன் விதைத்து, வெள்ளி சாயங்காலம் நன்றாக நனைத்து, தென்னங்கீற்றால் மூடிவிட்டுப் போனால் சனி, ஞாயிறு ஈரம் காக்கும். திங்கள் காலையில் கீற்றைத் தூக்கும்போது பச்சைக் கோடு தெரியும். திங்கள் விதைத்தால் வெள்ளிக்கிழமையே முளை வந்து, மூடி வைத்தால் வெளுத்து நீளும், திறந்து விட்டால் காயும். வியாழனிலிருந்து 25ஆம் நாள் எண்ணினால் திங்கள் வரும். அன்றைக்கோ மறுநாளோ அறுத்து அன்றே சமைத்துவிடலாம்.

பாத்தி மூணடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது. மூணாம் வகுப்புப் பிள்ளையின் கை ஒன்றரை அடிதான் எட்டும், அகலமானால் உள்ளே காலை வைத்துவிடுவார்கள். ஒரு மண்வெட்டி ஆழம் கொத்தி, ஓடைக்கல் பொறுக்கி, அரையடி உயரம் மேடாக்குங்கள். ஐப்பசி மழை கொட்டினால் பள்ளப் பாத்தியில் கீரை அழுகும். விதை பாத்திக்கு 5 கிராம். கீரை விதை கடுகைவிடப் பொடிசு, பிள்ளை கையில் கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இரண்டு கைப்பிடி காய்ந்த மணலோடு கலந்து, காலியான முகப்பவுடர் டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். மூடியின் துளை வழியாக மணலும் விதையும் சீராக விழுகிறது, நடந்துகொண்டே தூவலாம். மேலே மண் மூட வேண்டாம், உள்ளங்கையால் தட்டினால் போதும். தண்ணியைப் பூவாளியில்தான் ஊற்ற வேண்டும்; குழாயைப் பிடித்தால் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். எறும்பு விதையை இழுக்காமல் இருக்க, பாத்திக்கு வெளியே நாலு மூலையிலும் கொஞ்சம் அரிசி நொய் தூவினோம். பத்தாம் நாள் நெருக்கமான இடத்தில் பிடுங்கிக் கலைக்கணும். அந்தப் பிஞ்சுக் கீரையை எறியாதீர்கள், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகும் முதல் விளைச்சல் அது.

விதை வாங்கும்போது பாக்கெட்டை வகுப்பில் எல்லார் கையிலும் சுற்றவிடுங்கள். 'கோ 1', 'கோ 2' என்று ரகத்துக்கு முன்னால் வருகிற 'கோ' கோயம்புத்தூர்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1906இல் கோயம்புத்தூருக்கு வந்த வேளாண் கல்லூரிதான் 1971இல் பல்கலைக்கழகம் ஆனது, கரும்புக்கு 1912இலேயே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. இவ்வளவும் பஸ் ஏறினால் போகிற தூரத்தில் இருக்கிறது.

கீரைப் பாத்தி ஒன்று இரண்டரை முதல் மூணு கிலோ கொடுக்கும். பிள்ளைக்கு 40 கிராம் பச்சைக் கீரை என்று வைத்தால் 60 முதல் 75 பேருக்கு ஒருவேளைக் கடைசல். தோட்டத்தில் விளைவதை வைத்தே சத்துணவு போட்டுவிடலாம் என்று யாராவது மேடையில் பேசினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தோட்டம் வயிற்றை நிரப்பாது. சாம்பாரில் கிடக்கும் காயை ஒதுக்கும் பிள்ளையைத் தின்ன வைக்கும், அதற்குத்தான் தோட்டம். காலை உணவுத் திட்டம் 2022இல் வந்து, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்த பிறகு, சின்ன வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வேளை பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். கிச்சடியும் பொங்கலும் சாம்பாரோடு வருகிறது, காய் தட்டு ஓரத்தில் குவிகிறது. அறுவடைக்கு முந்தின வாரம் அந்த மிச்சத்தை ஒரு வாளியில் சேர்த்து அஞ்சாம் வகுப்பை எடைபோடச் சொன்னோம். ஐந்து நாளில் ஆறே கால் கிலோ. தை மாதம் திரும்ப எடைபோட்டபோது மூணு கிலோ சொச்சம். யாரும் அதட்டவில்லை, எடையைக் கரும்பலகையில் எழுதினதோடு சரி.

நீண்டகாலப் பயிராக இரண்டே இரண்டு. ஒன்று நிலக்கடலை. ஜூலை நடுவில், ஆடிப்பட்டத்தில் விதைத்தால் 105 நாளில், விடுமுறையெல்லாம் தாண்டி அக்டோபர் கடைசியில் பிடுங்கலாம். தரையோடு கிடப்பதால் காற்றுக்கும் தப்பும். தோல் உரியாத பருப்பாகப் பார்த்து, வரிசைக்கு ஓரடி, செடிக்கு நாலு அங்குலம் விட்டு, இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். 25, 30 நாளில் மஞ்சள் பூ. பூ வாடினதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி விழுது கீழே இறங்கி மண்ணைக் குத்தும். முதல்தடவை அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்த பையன், "பூவு மேலதானுங்க பூத்துச்சு, காய் மட்டும் எதுக்குங்க ஒளிஞ்சுக்குது?" என்றான். அந்த ஒரு கேள்வியிலிருந்து மூணு பாடவேளை ஓடியது. 40ஆம் நாள் பாத்திக்கு 100 கிராம் ஜிப்சம் தூவி மண் அணைக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் ஓடு மட்டும் இருக்கும், பருப்பு பொக்கு. அதற்குப் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. பிள்ளைகள் தினம் பிடுங்கிப் பார்ப்பார்கள், தடுக்க முடியாது. ஓரத்தில் நாலு செடியை 'பார்க்கிற செடி' என்று குச்சி நட்டு விட்டுக்கொடுங்கள், மற்றது பிழைக்கும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைப்பது கட்டாயம்.

இன்னொன்று மஞ்சள். ஜூனில் ஊன்றினால் முழு விளைச்சலுக்கு ஒன்பது மாதம், ஆனால் தைப்பொங்கலுக்கு இலையோடு கொத்தாகப் பிடுங்கலாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லி, பொங்கலுக்கு முந்தின நாள் வகுப்புக்கு ஒரு கொத்து கொடுத்தோம். உப்புத் தண்ணி மட்டும் இதற்கு ஆகாது.

சமையலில் எங்களுக்கு விழுந்த அடி கம்பு. 2023 சிறுதானிய ஆண்டு என்று எல்லாரும் பேசினதைக் கேட்டு, கடையில் கம்பு மாவு ஐந்து கிலோ வாங்கிக் கூழ் காய்ச்சினோம். ஒரு வாய் குடித்துவிட்டு அத்தனை பிள்ளையும் "கசக்குதுங்க" என்று டம்ளரை வைத்துவிட்டது. சமையலக்கா பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது அரைச்சு எத்தன நாளாச்சோங்க? கம்பக் குத்துன ரெண்டு நாள்ல ஆக்கிப்போடோணும்ங்க." அதுதான் காரணம். கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்து வைத்தால் ஒரு வாரத்துக்குள் காறல் அடிக்கும். கம்பை முழுசாக வாங்கி, தண்ணி தெளித்துப் பிசறி, குத்தித் தவிடு புடைத்து, ரவையாக உடைத்து அன்றோ மறுநாளோ காய்ச்ச வேண்டும். முதல்தடவை கால் டம்ளர், மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து. பிடிக்காத பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். புதுச் சுவை நாக்குக்குப் பழக எட்டுப் பத்துத் தடவை ஆகும், ஒரே நாளில் வெறுக்க வைத்துவிட்டால் அந்தப் பத்துத் தடவை கிடைக்காது. எங்கள் பிள்ளைகள் கம்பை மறுபடி வாயில் வைக்க மூணு மாதம் ஆனது.

கீரைக் கடைசலில் இந்தச் சிக்கல் வரவில்லை. 25 பேருக்கு ஆய்ந்த கீரை ஒரு கிலோ, சின்ன வெங்காயம் 100 கிராம், தக்காளி மூணு, பச்சை மிளகாய் நாலு, பூண்டு, சீரகம். வேகவைத்து மத்தால் கடைய வேண்டியதுதான். கடையும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஆனால் போசி அடுப்பிலிருந்து இறங்கி, சூடு தணிந்த பிறகு. தலைமையாசிரியர் அனுமதியும், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமும், சமையலக்காவின் சம்மதமும் இல்லாமல் சமையலறைக்குள் கால் வைக்காதீர்கள். முதல்தடவை அவரைக் கேட்காமல் அறுவடை நாள் வைத்தோம், அவருக்கு அன்றைக்கு இரட்டை வேலை. அவர் கோபப்பட்டது நியாயம். இப்போது நாள் குறிப்பதே அவர்தான்.

'ஆரோக்கிய உணவு' என்று தனியாக ஒரு வகுப்பு எடுத்தோமே, அதைத்தான் எண்ணி எண்ணி வருந்துகிறேன். பாக்கெட் தின்பண்டம் கெடுதல் என்று படம் காட்டிப் பேசின அன்று மத்தியானம் ஒரு பையன் டப்பாவைத் திறக்காமல் மூடிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். அம்மா, அப்பா இருவருக்கும் பனியன் கம்பெனியில் காலை ஷிஃப்ட். டப்பாவுக்குள் பன்னும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டும். அந்தப் பேச்சு அவன் வீட்டைக் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையின் டப்பாவை வைத்துப் பாடம் நடத்தவே கூடாது. வடக்கேயிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் டப்பா வேறு மாதிரி இருக்கும். கீரைப் பாத்திக்கு முன்னால் நின்று "உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டபோது ஒருத்தன் 'சாக்' என்றான், எங்கள் பிள்ளைகள் சுக்குட்டி, தொய்யல், பண்ணை என்று அடுக்கினார்கள். அதுவே நல்ல வகுப்பு.

கெடுதல் என்று சொல்வதை விட்டுவிட்டு இப்போது கணக்குப் போடச் சொல்கிறோம். காலியான குளிர்பானப் புட்டிகளைக் கொண்டுவந்து லேபிளைப் படிக்க வேண்டும். 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்று போட்டிருந்தால் 200 மில்லியில் 20 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம், அப்போ எத்தனை கரண்டி? பிள்ளைகளே கண்ணாடி டம்ளரில் ஐந்து கரண்டி அளந்து கொட்டுவார்கள். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுச்சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், கச்சாயமும் எள்ளுருண்டையும் அளவோடுதான். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டம் விற்கக் கூடாது என்று 2020இலேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்திருக்கிறது. கடைக்காரரிடம் அதைச் சொல்லும்போது கூடவே வேகவைத்த கடலையும் கொய்யாவும் வைக்கச் சொன்னோம், வைத்தார். கீரையில் இரும்புச்சத்து என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எலுமிச்சையோ தக்காளியோ நெல்லியோ சேர்ந்தால்தான் அது உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அவ்வளவாகச் சேராது. நம் பக்கத்துப் பிள்ளைகள் டீயும் வறுக்கியும் தின்று வளர்கிறவர்கள், இது அவர்களுக்குத் தெரியணும்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் களை எடுக்க அனுப்பும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அதை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். மண்ணைத் தண்டனையாகக் காட்டினால் அப்புறம் எந்தப் பாடமும் ஏறாது. தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயது தாண்டியும் காட்டில் வேலை செய்து 2021இல் பத்மஸ்ரீ வாங்கினதைச் சொல்லிவிட்டு, மறுநாள் களைக்கொத்தைத் தண்டனைக்கு நீட்டினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? பெண்பிள்ளை கூட்ட, ஆண்பிள்ளை கொத்த என்றும் பிரிக்காதீர்கள், வாரம் ஒரு குழு எல்லா வேலையும் செய்யட்டும். மண்வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண்ணோடு கழுவ வேண்டும், வெறுங்காலோடு பாத்திப் பக்கம் விடாதீர்கள். பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளியுங்கள், இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

இரண்டாம் வருஷச் செலவு 3,900 ரூபாய். அதில் பாதி வலைக்கு. ஏப்ரலில் பாத்தியைக் காலி செய்யும்போது நாலு தண்டுக்கீரையை அறுக்காமல் விட்டோம். கதிர் முற்றிப் பழுப்பானதும் அறுத்து, செய்தித்தாளில் தட்டி, ஊதிப் பதர் நீக்கி, நிழலில் மூணு நாள் உலர்த்தி, சாம்பல் கலந்து மருந்துப் புட்டியில் அடைத்தோம். அந்த நாலாம் வகுப்புப் பிள்ளை இப்போது அஞ்சு முடித்துவிட்டாள். புட்டியில் ஒட்டின தாளில் தேதியையும் 'தண்டுக்கீரை' என்றும் எழுதி, கீழே மறக்காமல் 'வியாழக்கிழமை வெதைக்கோணும்' என்று சேர்த்திருக்கிறாள்.